அம்மாவுக்கு நாளைக்கு லீவு

ஊரில் எல்லார் வீட்டுக்கும் கிறிஸ்துமஸ் இருபத்தைந்தாம் தேதி வரும். லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு மட்டும் இருபத்தாறாம் தேதி வரும். வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். இன்றைக்குத்தான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம்.

மெக்கானிக்கின் மனைவி ஒரு பெரிய ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். கிறிஸ்துமஸ் அன்று ஹோட்டலில் நிற்க இடமிருக்காது. அன்றைக்கு லீவு கேட்பதும் வேலையை விடுகிறேன் என்று சொல்வதும் ஒன்றுதான். அதனால் பெரிய மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அவள் ஓர் ஏற்பாடு செய்துவிட்டாள். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு உலகம் பூராவும் சுற்ற ஒரு ராத்திரி போதாது, ஹோட்டலில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கெல்லாம் மறுநாள்தான் வருவார் என்று சொல்லிவைத்தாள். பிள்ளை நம்பியது. அது வளர்ந்து நம்பிக்கை தேய்ந்த சமயத்தில் இரண்டாவது பிறந்து, அதுவும் நம்ப ஆரம்பித்தது. ஏற்பாடு நிலைத்துவிட்டது.

போன வாரம் ஹோட்டலின் புது மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "மூணாவது மாடிய ரிப்பேருக்கு மூடறோம், ஆள் மிச்சமா இருக்கு, இந்த இருபத்தஞ்சாம் தேதி நீங்க வீட்ல இருங்க" என்றார். அவள் அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அதே வாரம், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெரியவள், கடைக்கு மேல்மாடியில் பல் செட் செய்யும் இளைஞன் ஒருவனை அப்பாவுக்கு அறிமுகப்படுத்தினாள். அப்பா அவனிடம் தன் கடைவாய்ப் பல்லின் வரலாற்றை முழுக்கச் சொல்லிவிட்டு, ஆள் தங்கமானவன் என்று தீர்ப்புக் கொடுத்தார். அம்மாவிடம் மட்டும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவானது.

ஆக, வீட்டில் ஆளுக்கொரு ரகசியம். இன்று இருபத்து நாலாம் தேதி.

*

ஹோட்டலின் துணி அறை கீழ்த்தளத்தில் லாண்டரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. தரையிலிருந்து கூரை வரை இரும்பு அலமாரிகள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, கால்மிதி என்று தட்டுக்கு ஒரு ரகம். கூடுதல் கட்டிலுக்கான கம்பளிகள் அடுக்கியிருக்கும் கடைசித் தட்டுக்குப் பின்னால் யாரும் கையை விடுவதில்லை. அங்கேதான் அவள் தன் வீட்டுக் கிறிஸ்துமஸை ஒளித்து வைத்திருந்தாள்.

காலைச் சுற்று முடிந்திருந்தது. லாபி மரத்தில் அணைந்துபோன பல்புகளை மாற்றச் சொல்லியாகிவிட்டது. குழந்தைகள் இருக்கும் அறைகளுக்கெல்லாம் சாக்லேட் பை போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றைக்கு மட்டும் மத்தியானத்தோடு அவள் ஷிஃப்ட் முடிகிறது, அதையும் வீட்டில் சொல்லவில்லை. கம்பளிகளை நகர்த்தி, பொட்டலங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த லாண்டரிக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதையெல்லாம் எப்பக்கா செஞ்சீங்க?"

"டீ பிரேக்ல."

"இத்தனையுமா?"

"இந்த மாசம் நான் டீயே குடிக்கல."

பொட்டலங்களின் மூலைகள், படுக்கை விரிப்பை மெத்தைக்கு அடியில் செருகுவாளே, அதே கோணத்தில் மடிந்திருந்தன. வேறு மாதிரி மடிக்க அவள் கைக்கு வராது. மேலே ஒட்டியிருந்த சீட்டுகளில் 'கிறிஸ்துமஸ் தாத்தா' என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. சின்னவளுக்குத் தன் கையெழுத்து பிடிபட்டுவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் இடது கையால் எழுதியிருந்தாள்.

பெரியவளுக்குக் கைப்பை. சின்னவளுக்குச் சக்கரம் வைத்த ஷூ. கணவருக்கு நெற்றியில் மாட்டிக்கொள்ளும் டார்ச். இன்னொன்று ஒரு சால்வை. அது கணவர் அவளுக்கு வாங்கித் தரும் பரிசு. வருஷா வருஷம் தான் மனைவிக்கு என்ன வாங்கியிருக்கிறோம் என்பது அவள் பிரிக்கும்போதுதான் அவருக்கே தெரியும். ஒரு வருஷம், "நல்லா இருக்கே, எங்க வாங்கினது?" என்று கேட்டும்விட்டார்.

கேக் தங்கை வீட்டில் இருந்தது. வீட்டில் சுட்டால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தங்கை வீட்டு அடுப்படியில் நின்று சுட்டாள். அதிலும் ஒன்றல்ல, இரண்டு. சின்னவள் கேக்கிலிருந்து திராட்சையைத் தோண்டி மேஜைக்கு அடியில் ஒட்டுகிறவள். அவளுக்காகத் திராட்சை போடாமல் தனியாக ஒன்று.

"வீட்ல சொல்லிட்டீங்களாக்கா, நாளைக்கு லீவுன்னு?"

"சொன்னா அப்புறம் அதுல என்ன இருக்கு? காலைல கண்ணைக் கசக்கிக்கிட்டு வரும்போது நான் அடுப்படில நிக்கணும். அந்த மூஞ்சிங்களப் பாக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

"அவங்க வேற ஏதாவது ஏற்பாடு பண்ணியிருந்தா?"

அவள் சிரித்தாள். "அவங்களா? நான் இல்லாத அன்னைக்கு மூணும் உம்முன்னு உக்காந்திருக்கும். ராத்திரி நான் போறப்ப வீடு தொடச்சு வெச்ச மாதிரி இருக்கும். ஒரு பாத்திரம் அழுக்காயிருக்காது. பிரெட்டைத் தின்னுட்டுப் படுத்திருக்கும்ங்க, பாவம்."

ஓர் அறையில் எத்தனை பேர் தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், சண்டை போட்டார்களா என்பதையெல்லாம் தலையணையையும் குப்பைக்கூடையையும் பார்த்தே சொல்லிவிடுகிறவள் அவள். ஒரு வீடு அத்தனை சுத்தமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. சொந்த வீடு என்று வரும்போது அந்த மூளை வேலை செய்யவில்லை.

*

மூக்குக்கண்ணாடிக் கடையில் அன்று கூட்டம். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் அன்றைக்கே கண் தெரிந்தாக வேண்டியிருந்தது. பெரியவள் ஒரு பெரியவரின் காதில் கண்ணாடிச் சட்டத்தை மாட்டி, இறங்குகிறதா என்று குனிந்து நிமிரச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஹோட்டல் ரிசப்ஷனில் இருக்கும் பெண் தன் புதுக் கண்ணாடியை வாங்க வந்தாள். அம்மாவோடு வேலை பார்ப்பவள். நல்ல மனுஷி. வாய்தான் நிற்காது.

"நாளைக்கு உங்க வீட்ல கொண்டாட்டம்தான்னு சொல்லு. சூப்பர்வைசர் மேடத்துக்கு இத்தனை வருஷத்துல இப்பதான லீவு கெடச்சிருக்கு."

பெரியவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "அம்மாவுக்கு நாளைக்கு ட்யூட்டிக்கா."

"லீவுப்பா. போர்டுல நானே பாத்தேன்." அவளுக்குச் சட்டென்று உறைத்தது. "ஐயோ, உங்களுக்குச் சொல்லலியா? நான் உளறிட்டேனா?"

"இல்லக்கா, பரவால்ல."

பரவாயில்லை என்று சொன்னவள் பின்பக்கப் படிக்கட்டுக்குப் போய் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"லிஃப்டுக்கு மேல."

"கீழ எறங்குங்க முதல்ல. விஷயம் அப்படி."

"சொல்லு, நான் பத்திரமாத்தான் நிக்கறேன்."

"அம்மாவுக்கு நாளைக்கு லீவாம்."

அந்தப் பக்கம் சங்கிலி ஒன்று ஆடும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "கீழ எறங்கிட்டேன்" என்றார் அப்பா.

இவர்கள் இப்படிப் பதறுவதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டுக்காரிக்குத் தெரியாமல் அந்த வீட்டில் வருஷா வருஷம் நடந்துகொண்டிருக்கும் காரியம் அது.

பெரியவள் நாலாம் வகுப்புப் படித்தபோது ஒரு இருபத்தைந்தாம் தேதி, தெருவில் மற்றப் பிள்ளைகள் புதுச் சட்டையும் புதுச் சைக்கிளுமாகத் திரிவதைப் பார்த்துவிட்டு வந்து அழுதாள். நாளைக்கு நாளைக்கு என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அழுகை நிற்கவில்லை. அவர் கடைத்தெருவுக்குப் போய், முழங்கை உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் மரமும் ஒரு கிரீம் பன்னும் வாங்கி வந்தார். இரண்டு பேரும் அதைச் சாப்பிட்டார்கள், பாட்டுப் பாடினார்கள். சாயங்காலம் மரத்தை ஒளித்து வைத்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லாத. தான் இல்லாம நடந்துச்சேன்னு மனசு கஷ்டப்படும்" என்றார் அப்பா.

அடுத்த வருஷம் கிரீம் பன் கேக்காயிற்று. அதற்கடுத்த வருஷம் கோழி வந்தது. சின்னவள் பிறந்து நடக்கத் தொடங்கியதும் ஆட்டமும் பாட்டும் சேர்ந்துகொண்டன. இருட்டுவதற்குள் பாத்திரம் கழுவி, தரை துடைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, நடந்ததற்கு அடையாளமே இல்லாமல் ஆக்கிவிடுவார்கள். அந்த வேலை பெரியவளுடையது. மறுநாள் அம்மாவின் கிறிஸ்துமஸ். அதற்கு மூன்று பேரும் வாயைப் பிளந்து ஆச்சரியப்படுவார்கள். அப்பாவுக்கு மட்டும் ஆச்சரியம் சரியாக வராது. குளியலறைக் கண்ணாடியில் பழகிப் பார்த்துக்கொள்வார்.

வீட்டுக்குள் அதற்குத் திருட்டுக் கிறிஸ்துமஸ் என்று பெயர்.

"சொல்லிடலாமேம்மா" என்றார் அப்பா போனில். "உள்ளத உள்ளபடி சொல்லிட்டா என்ன?"

"எதைச் சொல்றது? எல்லாத்தையுமா?"

அவர் யோசித்தார். "ஒளிச்சிடலாம்" என்றார்.

"அம்மா வர்றதுக்கு எப்படியும் ராத்திரி ஆகும். அதுக்குள்ள மரம், காகிதம் எல்லாத்தையும் எடுத்து உங்க வேன்ல போட்டுடுங்க. அலமாரிக்கு மேல இருக்கற அட்டைப்பெட்டி."

"கோழி?"

"என்ன கோழி?"

"மசாலா தடவி ஊற வெச்சிருக்கேன். முழுக்கோழி."

"அதையும் எடுங்கப்பா."

"சரி. அந்தப் பல்லுக்காரப் பையன்?"

இதுதான் இந்த வருஷத் திருட்டுக் கிறிஸ்துமஸில் புதிய விஷயம். நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அவனை வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா இருக்க மாட்டாள் என்ற தைரியம்தான்.

"அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று பெரியவள் போனை வைத்தாள்.

மேல்மாடிக் கதவு திறந்து அவனே இறங்கி வந்தான். முழங்கை வரை பல் அச்சு வார்க்கும் வெள்ளைச் சாந்து. நாலு பேருக்கு நாளைக்குள் பல் வேண்டுமாம். கிறிஸ்துமஸ் கேக்கை மென்று தின்ன ஆசைப்படுகிறார்களாம்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"வர வேண்டாம்னு சொல்றியா?"

"வேண்டாம்னு சொல்லல. நாளைக்குன்னு பாத்து..."

"எங்கம்மா எனக்காக மத்தியானச் சாப்பாட்டையே ராத்திரிக்கு மாத்திட்டாங்க. மாமா, அத்தை எல்லாருக்கும் போன் பண்ணி, ராத்திரி வந்தாப் போதும்னு சொல்லியாச்சு. இப்ப நான் மத்தியானம் வீட்ல உக்காந்திருந்தா, ஏன்டா போகலன்னு கேப்பாங்க. என்ன சொல்றது?"

இரண்டு வீட்டிலும் இரண்டு அம்மாக்கள் தங்கள் கிறிஸ்துமஸைத் தூக்கி வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். நடுவில் பெரியவள் நின்றுகொண்டிருந்தாள்.

"உங்கம்மாகிட்ட என்னைப் பத்தி எப்பத்தான் சொல்லப்போற?" என்று அவன் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"காலைல போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போனாள். பெரியவர் இன்னும் சட்டத்தை மாட்டிக்கொண்டு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்.

*

மத்தியானம் மெக்கானிக் வீட்டுக்கு வந்தபோது சின்னவள் மேல்வீட்டில் இருந்தாள். பள்ளிக்கூடம் விடுமுறை, அப்பாவும் அக்காவும் வேலைக்குப் போகும் நாட்களில் அவள் மேல்வீட்டம்மாவின் பொறுப்பு. அவளை எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் கேட்க வேண்டியதில்லை.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்து ஹாலில் உட்கார வைத்துவிட்டு, அவர் முதலில் கோழியைக் கவனித்தார். அதை ஒரு பையில் போட்டு, பையை இன்னொரு பையில் போட்டு, மேல்வீட்டு ஃபிரிட்ஜில் கொண்டுபோய்த் தஞ்சம் கொடுத்தார். பிறகு ஸ்டூல் போட்டு அலமாரிக்கு மேலிருந்த அட்டைப்பெட்டியை இறக்கினார். பல மாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளைக் கழற்றி மாட்டியவர், அட்டைப்பெட்டியின் அடிப்பக்கம் நைந்துபோனதைக் கவனிக்கவில்லை. ஹாலின் நடுவில் அது பிய்ந்தது.

மரம் ஒரு பக்கம், பளபளக் காகிதம் ஒரு பக்கம், நட்சத்திரங்கள் சோபாவுக்கு அடியில். சின்னவளுக்கு ஒரே குஷி. நாளைக்கு வைக்க வேண்டியதை இன்றைக்கே வைத்துவிடலாம் என்று அவள் மேஜையில் தட்டுகளைப் பரப்ப ஆரம்பித்தாள். அப்பா தரையில் மண்டியிட்டு நட்சத்திரம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது கதவு திறந்தது.

வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், பொட்டலங்களை நிதானமாக ஒளித்து வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டு அம்மா வந்திருந்தாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, வழியில் தங்கை வீட்டில் எடுத்துக்கொண்டு நெஞ்சோடு அணைத்துப் பிடித்த இரண்டு கேக் பெட்டிகள். அவளும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் கையில் பிளாஸ்டிக் மரம் இருந்தது.

"நீ ராத்திரிதான வருவ?" என்றார் அவர். வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

"இதென்னங்க மரம்?"

"இது... ஒரு கஸ்டமர் வீட்டு மரம்."

சின்னவள் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, நீ நாளைக்கு வீட்ல இருப்பியா?"

"இருப்பேன்டா."

"அப்ப உன் கிறிஸ்துமஸும் திருட்டுக் கிறிஸ்துமஸும் ஒரே நாள்லயா?"

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் இதெல்லாம் நடக்காமல் போய்விடும் என்று அந்த நிமிஷம் அவர் நம்பியிருக்கலாம்.

அவள் கேக் பெட்டிகளை அடுப்படியில் வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. செருப்போடு ஹாலுக்குள் வருகிறவர்களை அவள் என்ன பாடுபடுத்துவாள் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார். நாலாம் வகுப்பிலிருந்து தொடங்கி, கிரீம் பன், கேக், கோழி, தரை துடைப்பது, ஜன்னலைத் திறந்து வைப்பது எல்லாவற்றையும் சொன்னார். இடையிடையே, "உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்" என்பதைத் திரும்பத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். சின்னவள் விட்டுப்போனதை எடுத்துக்கொடுத்தாள். அப்பா டான்ஸ் ஆடுவார் என்பதைக்கூட.

"நீங்களா? டான்ஸா?"

"சும்மா, வாலு கூப்பிட்டான்னு."

அவர் டான்ஸ் ஆடி அவள் பார்த்ததே இல்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, அதற்குக் கீழே வேறொன்றும் இருந்தது. வருஷா வருஷம் இருபத்தைந்தாம் தேதி, ஹோட்டலில் வேறு யாரோ குடும்பத்தின் மேஜைக்கு மெழுகுவத்தி ஏற்றும்போதெல்லாம், வீட்டில் மூன்று பேர் விளக்குக்கூடப் போடாமல் தனக்காகக் காத்துக்கொண்டிருப்பதாக ஒரு சித்திரம் அவள் மனதில் வரும். அந்த வேதனையில்தான் அவள் மறுநாள் விடியுமுன் எழுந்து மூன்று ஆள் வேலையைச் செய்வாள். இப்போது அந்தச் சித்திரம் போய்விட்டது. பிள்ளைகள் அழவில்லை என்பதில் தாய் சந்தோஷப்பட வேண்டும். அவள் பட்டாள். ஆனால் தன்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரியும் இருந்தது. அவர்கள் தன்னை நினைத்து ஏங்குவார்கள் என்பது இத்தனை வருஷமாக அவளுக்கு ஒரு பிடிப்பாக இருந்திருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

மேஜையைப் பார்த்தாள். தட்டுகளின் மேல் சின்னச் சின்ன அட்டைகள் இருந்தன. யார் எங்கே உட்கார வேண்டும் என்பதற்காகச் சின்னவள் மேல்வீட்டில் உட்கார்ந்து வரைந்தவை.

"இதென்னடா, லிஃப்டா?"

"அது அப்பா. இந்தக் கண்ணாடி அக்கா. இந்த வால் நான்."

இன்னொரு தட்டும் இருந்தது. அதில் இருந்த அட்டையை அவள் கையில் எடுத்தாள். வெள்ளையாக, இரண்டு வேர் வைத்த ஒரு பல். அதற்குக் கண்ணும் சிரித்த வாயும்கூடப் போட்டிருந்தது.

"இது யாரு?"

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சோபாவுக்கு அடியில் இல்லாத நட்சத்திரத்தைத் தேடினார்.

*

பெரியவள் கடையில் சீக்கிரம் விடை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் அம்மாவின் செருப்பைக் காணாததால் நிம்மதியாகக் கதவைத் தள்ளினாள். செருப்பு ஹாலுக்குள் அம்மாவின் காலில் இருந்தது.

மரம் மேஜைக்கு மேல் நின்றது. அப்பா ஒரு மூலையில் நின்றார். தான் வருவதற்குள் நடக்க வேண்டியது எல்லாம் நடந்து முடிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

"அம்மா..."

"உக்காரு." அம்மாவின் குரலில் சூடு இல்லை. புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் ஹோட்டலில் பேசுகிற குரல் அது. "இருபத்தாறாம் தேதி காலைல நீங்க மூணு பேரும் வந்து நின்னு ஆச்சரியப்படுவீங்களே. அதெல்லாம் நடிப்பா?"

"ஆச்சரியம் நடிப்புதாம்மா."

அப்பா இருமினார். பெரியவள் நிறுத்தவில்லை.

"சந்தோஷம் நடிப்பு இல்ல. எங்க கேக் எப்பவும் கருகித்தான் போகும். அப்பா கோழி உள்ள வெந்திருக்காது. அதைச் சிரிச்சுக்கிட்டே தின்னுட்டு, நாளைக்கு அம்மாவோடது இருக்குன்னு பேசிக்கிட்டே தூங்குவோம். நீ கேட்டா நம்ப மாட்ட. ஆனா அப்படித்தான்."

அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை. கையிலிருந்த அட்டையை மேஜை மேல் வைத்து, மகள் பக்கமாகத் தள்ளினாள்.

"இந்தப் பல்லு யாரு?"

பெரியவள் அப்பாவைப் பார்க்கவில்லை.

"கடைக்கு மேல லேப்ல வேலை பாக்கறாரு. நாளைக்கு மத்தியானம் சாப்பிட வரச் சொல்லியிருந்தேன்."

"உங்கப்பாவுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இவளுக்கும் தெரியும்." சின்னவள் அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்மா. எனக்குப் பல்லு எப்படி வரையறதுன்னு அவர்தான் சொல்லிக்கொடுத்தாரு" என்றாள் சின்னவள்.

அம்மா பெரியவளின் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "நான் இல்லாத நாளாப் பாத்து வரச் சொன்னியா?"

பொய் சொல்ல வசதியாகத்தான் இருந்தது. தற்செயலாக அமைந்தது என்று சொல்லலாம். அவருக்கு அன்றைக்குத்தான் லீவு என்று சொல்லலாம். அப்பாவே அந்தப் பக்கமிருந்து உதட்டை அசைத்து ஏதோ எடுத்துக்கொடுக்கப் பார்த்தார்.

"ஆமா" என்றாள் பெரியவள்.

அம்மா எழுந்தாள். இப்போதுதான் செருப்பைக் கழற்றி, வாசலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். தான் கொண்டுவந்த பைகளைத் தூக்கி அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். கேக் பெட்டிகளை அடுப்படியின் மேல் பலகையில் ஏற்றினாள்.

"என்ன பண்ற?" என்றார் அவர்.

"இதெல்லாம் நாளன்னைக்கு. என் கிறிஸ்துமஸ் இருபத்தாறாம் தேதி. நாளைக்கு உங்களோடது. என்ன வழக்கமோ அதை நடத்துங்க. நான் ஒரு துரும்பையும் நகத்த மாட்டேன்."

"கோபமாம்மா?" என்றாள் பெரியவள்.

"கோபம்தான். வேற என்ன இருக்கும்னு நினைக்கிற?" மேஜைக்கு வந்து ஒரு தட்டை நகர்த்தி, பக்கத்தில் இன்னொரு தட்டுக்கு இடம் விட்டாள். துரும்பை நகர்த்த மாட்டேன் என்று சொன்னது அவளுக்கே மறந்துவிட்டது. "கோழியக் காணோமே? தடவி வெச்ச மசாலா வாசனை மட்டும் அடிக்குது."

"மேல்வீட்ல இருக்கு" என்றார் மெக்கானிக்.

"கொண்டாங்க. இந்தத் தடவையாவது உள்ள வேகுதான்னு பாக்கறேன். உக்காந்து பாக்கத்தான் போறேன்."

அவர் விட்டால் போதுமென்று படியேறிப் போனார். சின்னவள் புது அட்டை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்தாள். அப்பாவுக்கு லிஃப்ட், அக்காவுக்குக் கண்ணாடி என்பதெல்லாம் அவளுக்கு யோசிக்காமல் வந்தது. இது வரவில்லை. அம்மா வேலைக்குப் போவாள், வருவாள். என்ன வேலை என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது.

"அம்மா, உனக்கு என்ன படம் போடறது?"

அம்மாவும் யோசித்தாள். தன்னை ஓர் அட்டைக்குள் வைத்துப் பார்க்கச் சொல்லி யாரும் இதுவரை கேட்டதில்லை.

"ஒரு கதவு போடு" என்றாள்.

"கதவா? எதுக்கு?"

"நாளைக்கு மத்தியானம் பெல் அடிச்சா, நான்தான் போய்த் தெறக்கப்போறேன்."

சொன்னது சின்னவளிடம். பார்த்தது பெரியவளை.